நெட் வர நெட் வேண்டும்

லினக்ஸுக்கு மாறினால் எல்லாம் தானாக வேலை செய்யும் என்பார்கள். உண்மைதான். திரை, கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் முதல் நாளே வேலை செய்தன. எப்போதோ வீட்டை விட்டு ஓடிப்போன பழைய பிரிண்டரின் பெயரைக்கூட அது பட்டியலில் தேடி எடுத்தது. வைஃபை கார்டு மட்டும் வரவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதினொன்றோ என் மடிக்கணினியின் வயதைக் கேட்டதுமே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டது. "லினக்ஸ் போடுங்க மாமா, பறக்கும்" என்றான் அக்கா மகன். போட்டேன். பாதி வழியில் இன்ஸ்டாலர் நின்றது. வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேர் கோப்பு இல்லையாம். கைவசம் இருந்தால் பென் டிரைவில் செருகவும் என்று பணிவாகக் கேட்டது.

லினக்ஸுக்கு அந்தக் கார்டைத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எல்எஸ்பிசிஐ என்று ஒரு கமாண்ட் அடித்தால் அதன் குலம் கோத்திரம் முழுவதையும் ஒப்பிக்கும். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெல் தனக்கு 8086-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. 1978-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் எண் அது. பெரிய இடத்துக்காரர்களுக்கு எங்கே போனாலும் பேன்சி நம்பர்தான். என் கார்டுக்காரரின் எண்ணும் பளிச்சென்று வந்தது. டிரைவர்கூட உள்ளேயே இருந்தது. இல்லாதது ஃபர்ம்வேர் மட்டும். இந்த வகைக் கார்டுக்கு ஞாபகம் நிற்காது. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் ஒரு சின்ன நிரலை அதற்குள் ஏற்றிவிட வேண்டும். அந்த நிரலின் உரிமை கார்டு செய்தவருடையது. மற்றவர்கள் விநியோகிக்க அவர் அனுமதி தராவிட்டால் இன்ஸ்டாலரில் அதை வைக்க முடியாது.

நான் போட்ட டெபியன் லினக்ஸைச் செய்கிறவர்கள் இதற்காகவே 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பு முதல் ஃபர்ம்வேர்களையும் இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் விநியோகிக்க அனுமதி உள்ளவை மட்டும்தான் அதில் ஏறும். என் கார்டுக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை.

அதற்கென்று தனி பேக்கேஜ் ஒன்று உண்டு என்றான் மருமகன். உண்டுதான். அதற்குள் ஃபர்ம்வேர்தான் இல்லை! அதை நிறுவினால், அது இணையத்துக்குப் போய், தயாரிப்பாளரின் டிரைவரை இறக்கி, அதிலிருந்து தேவையான பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளும்.

"ஒரே ஒரு கமாண்ட்தான் மாமா. நெட்ல இருந்து அதுவே எடுத்துக்கும்."

"நெட்டே வரலையேடா."

"அதான் மாமா, நெட் வர்றதுக்குத்தான் கமாண்ட்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கேபிள் போடலாம் என்றால், லேன் துளைக்குள் ஒரு பின் எந்தக் காலத்திலேயோ மடங்கிக் கிடக்கிறது.

கடைசியில் கைகொடுத்தது மனைவியின் ஆண்ட்ராய்டு போன். யூஎஸ்பி ஒயரில் செருகி, செட்டிங்ஸில் டெதரிங்கைத் தட்டினால் போதும். லினக்ஸ் அந்தப் போனையே நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்கிறது. ஃபர்ம்வேர் கேட்பதில்லை, உரிமம் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான். சொந்தக்காரர்களுக்குள் என்ன சம்பிரதாயம்! இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், போன் அந்த நெட்டை வாங்கியதே அலமாரி மேல் கண்சிமிட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு வைஃபையிலிருந்துதான்.

டவுன்லோடு அறுபது சதவீதம் தாண்டியபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என் போன் எங்க?"

"அஞ்சு நிமிஷம், முக்கியமான வேலை ஓடுது."

"எங்க அக்கா லைன்ல வருவா. உங்க கம்ப்யூட்டருக்கு உங்க போனைச் செருக வேண்டியதுதானே?"

என் போனின் சார்ஜிங் துளை சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒயர் அவர் கைக்குப் போய்விட்டது. அக்காவும் தங்கையும் பேசி முடித்த பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

காசு கொடுத்து வாங்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இந்த வம்பெல்லாம் இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு நண்பர் கூப்பிட்டார். புத்தம் புது மடிக்கணினி. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார். வைஃபை கார்டு தெரியவில்லை. நெட்டில் இணைத்தால்தான் மேலே போக விடுவேன் என்று திரை அடம்பிடிக்கிறது. தாண்டிப் போக பட்டனும் இல்லை.

"இப்ப என்ன சார் பண்றது?"

"வீட்டுல அவங்க போன்ல சார்ஜ் இருக்கா?" என்றேன்.