இருபத்தொன்றாம் பிரிவும் இருபது வாளிகளும்

(இடம்: சென்னையில் ஒரு கடைத்தெரு. பெயர் வேண்டாம், எந்தத் தெருவை நினைத்துக்கொண்டாலும் பொருந்தும். பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடை. உள்ளே இருக்கும் சரக்கைவிட வெளியே இருப்பது அதிகம். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். மாநகராட்சி உதவிப் பொறியாளர் (ஏ.இ.) கையில் அளவு டேப்புடன் வருகிறார். வேலைக்குப் புதுசு, அதனால் விதிகளைப் படித்திருக்கிறார்.)

ஏ.இ.: அண்ணாச்சி, இந்த வாளி, குடம், விளக்குமாறு, ஸ்டூல் எல்லாத்தையும் உள்ள எடுங்க.

அண்ணாச்சி: வாங்க மேடம், வாங்க. ஏல, மேடம் உக்கார ஒரு ஸ்டூலை எடுத்துப் போடுல.

ஏ.இ.: எங்க போடச் சொல்றீங்க? நடைபாதைலயா?

அண்ணாச்சி: உள்ள எடம் இருந்தா இந்தச் சாமானெல்லாம் ஏன் மேடம் வெளிய வெயில்ல காயுது?

ஏ.இ.: நான் அளந்து பாத்துட்டேன். ஆள் நடக்க முக்கால் மீட்டர்கூட மிச்சமில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012ல விதிமுறை போட்டிருக்கு. தடங்கல் இல்லாத நடைபாதை குறைஞ்சது 1.8 மீட்டர் இருக்கணும். கடைத்தெருவா இருந்தா 2.5.

அண்ணாச்சி: காங்கிரஸ்தான் 1967லயே இங்க ஆட்சிய விட்டுப் போயிட்டுல்லா?

ஏ.இ.: கட்சி இல்லை அண்ணாச்சி. ரோடு போடுற இன்ஜினியர்களோட அமைப்பு. அதுக்கு மேல, கடையை ஒட்டி இன்னும் ஒரு மீட்டர் தனியா விடணும்னும் சொல்லியிருக்கு.

அண்ணாச்சி: அட! அந்த ஒரு மீட்டர் எனக்கா?

ஏ.இ.: உங்களுக்கு இல்லை. கடையை நின்னு வேடிக்கை பாக்குறவங்களுக்கு.

அண்ணாச்சி: அப்ப நான் செஞ்சது சரிதான. வேடிக்கை பாக்கணும்னா பாக்க ஏதாச்சும் இருக்கணும்லா? அதைத்தான் வச்சிருக்கேன்.

ஏ.இ.: மேல தொங்குறதும் தப்பு. தலைக்கு மேல 2.2 மீட்டர் காலியா இருக்கணும். (நிமிர்கிறார். முறம் ஒன்று நெற்றியில் மோதுகிறது.)

அண்ணாச்சி: பாத்து மேடம். நல்ல மூங்கில் முறம், ஒண்ணும் ஆகாது.

ஏ.இ.: முறத்துக்கு ஆகாது, தெரியுது. ஏன் 1.8ன்னு வச்சாங்க தெரியுமா? ரெண்டு சக்கர நாற்காலி எதிரும் புதிருமா வந்தா ஒதுங்கிப் போகணும்.

அண்ணாச்சி: முப்பது வருசமா இங்கதான் உக்காந்திருக்கேன். இந்தத் தெருவுல ஒரு சக்கர நாற்காலி வந்து நான் கண்டதில்ல.

ஏ.இ.: வர முடியலை. அதனாலதான் நீங்க காணலை.

(அண்ணாச்சி ஒரு கணம் கல்லாப் பெட்டியைப் பார்க்கிறார். பதில் அங்கே இல்லை.)

அண்ணாச்சி: சரி தாயி, நான் உள்ள எடுத்து வச்சிடுதேன். எதுத்த கடைக்காரன் எடுப்பானா? அவன் ஒரு அடி வெளிய வந்தான், நான் ரெண்டு அடி வந்தேன். அவன் மூணு. நான் மட்டும் ஷட்டருக்குள்ள போனா, கடைய மூடிட்டேன்னுலா சனங்க அந்தப் பக்கம் போவாங்க.

ஏ.இ.: எல்லாருக்கும்தான் நோட்டீஸ்.

அண்ணாச்சி: முக்குல இருக்க பெரிய ஜவுளிக் கடைக்குமா? அவுக வாசப்படியே நடைபாதைலதான இறங்குது. ஜெனரேட்டர் இருக்கு, பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியிருக்காக, வாட்ச்மேன் நாற்காலி வேற.

ஏ.இ.: அது... கட்டட விதி மீறல். அதை வேற செக்‌ஷன் பாக்கும்.

அண்ணாச்சி: அப்ப நானும் வாளிய சிமெண்டு வச்சுப் பூசிடட்டா? அந்தச் செக்‌ஷனுக்குப் போயிடுவேன்லா?

ஏ.இ.: அண்ணாச்சி, விளையாடாதீங்க. பொதுவழியை மறிச்சா கிரிமினல் குத்தம். போலீஸ் கேஸ் போடும்.

அண்ணாச்சி: போட்டிருக்காகளே. 283. 200 ரூவா வரைக்கும் அபராதம்.

ஏ.இ.: அது பழசு. 1860ல எழுதின இந்தியத் தண்டனைச் சட்டம்.

அண்ணாச்சி: அந்தக் காலத்துல 200 ரூவான்னா குடும்பமே ஆடிப் போயிருக்கும். வெள்ளைக்காரன் பயமுறுத்தத்தான் போட்டிருக்கான். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஏத்தல. மெட்ராஸ்ல நூத்தி அறுபது வருசமா ஏறாத வாடகை அது ஒண்ணுதான் மேடம்.

ஏ.இ.: இப்ப ஏத்தியாச்சு. 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 285. 5,000 வரை.

அண்ணாச்சி: ‘வரை’ன்னுதான போட்டிருக்கு? அப்ப பேசித் தீத்துக்கிடலாம். இந்தத் தெருவுல உள்ளுக்குள்ள ஒரு சதுர அடி என்ன வாடகை போகுதுன்னு கேட்டுப் பாருங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை முழு அபராதம் கட்டுனாலும் எனக்கு வெளியதான் லாபம்.

ஏ.இ.: சரி, பணத்தை விடுங்க. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தடையில்லாத நடைபாதை, நடக்குறவங்களோட அடிப்படை உரிமை. அரசியலமைப்புச் சட்டம், பிரிவு 21. வாழும் உரிமை.

அண்ணாச்சி: 21ஆ? அது என் பிரிவுலா!

ஏ.இ.: எது?

அண்ணாச்சி: 1985ல பம்பாய் நடைபாதைவாசிங்க கேஸு. பிழைப்பு இல்லாம வாழ்வு இல்ல, பிழைப்பும் 21ல சேத்திதான்னு அதே கோர்ட்டு சொல்லியிருக்கு. பயலுக்கு லா காலேஜுல ஃபீஸ் கட்டுதேன், இதுகூட தெரியலன்னா எப்படி?

ஏ.இ.: நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லைன்னு அதே தீர்ப்புல இருக்கு. அதைப் பையன் சொல்லலையா?

அண்ணாச்சி: இப்பதான மேடம் ரெண்டாம் வருசம் படிக்கான்.

ஏ.இ.: இந்தப் பூக்கார அம்மா யாரு?

அண்ணாச்சி: பாவம், ஒரு ஓரமா உக்காந்திருக்கு.

ஏ.இ.: அவங்களுக்குச் சட்டம் இருக்கு. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்காம அவங்களை எழுப்ப முடியாது.

அண்ணாச்சி: அப்படியா! அப்ப நானும் கல்லாவ எடுத்துட்டு வந்து அந்த அம்மா பக்கத்துல உக்காந்துக்கிடட்டுமா?

ஏ.இ.: வேற பிழைப்பு இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். உள்ள இருக்க கடையை என்ன சொல்வீங்க? அதோட, அந்த அம்மா இந்த இடத்துக்கு உங்களுக்குத் தினவாடகை தர்றதாக் கேள்விப்பட்டேன்.

அண்ணாச்சி: வாடகையா! கரண்டு காசு மேடம். ஒரு பல்பு எரியுதுல்லா.

ஏ.இ.: மாநகராட்சி நடைபாதைக்கு நீங்க வாடகை வாங்குறீங்க. மாநகராட்சிக்கு ஒரு பைசா இல்லை.

அண்ணாச்சி: கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்க வந்தவுக எல்லாம் ரசீது புக்கை மறந்துட்டுலா வந்தாக.

(இங்கே ஏ.இ. இருமுகிறார். தூசி அதிகம் என்பது உண்மைதான்.)

ஏ.இ.: பேச்சு போதும். பாண்டி பஜாரைப் போய்ப் பாருங்க. 2013ல நடைபாதைக் கடைகளை எல்லாம் மாடிக் கட்டடத்துக்கு மாத்தினோம். 2019ல அகலமா நடைபாதை வளாகமே திறந்தாச்சு. எவ்வளவு சுகமா நடக்குறாங்க!

அண்ணாச்சி: போயிருக்கேன். நடக்கதுக்குன்னே இங்கருந்து ஆட்டோ புடிச்சு அங்க போறாக.

ஏ.இ.: அஞ்சு நிமிஷம் தர்றேன். இல்லைன்னா லாரி வரும்.

அண்ணாச்சி: லாரி எதுக்கு? ஏல, எடுங்கல!

(இரண்டே நிமிடம். பழகிய கைகள். வாளி வாளிக்குள், குடம் குடத்துக்குள், எல்லாம் உள்ளே போய்விட்டன. நடைபாதை தெரிகிறது. அதன் மேல் மழைநீர் வடிகால் மூடி ஒன்று இருப்பது தெருவுக்கே அன்றுதான் தெரிகிறது. ஏ.இ. செல்பேசியில் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்புகிறார். அனுப்பி முடிப்பதற்குள் ஒரு ஸ்கூட்டர் ஏறி நிற்கிறது. பின்னாலேயே இரண்டு பைக். நான்காவதாக ஒரு புல்லட்.)

ஏ.இ.: ஹலோ, ஹலோ! இங்க நிறுத்தக் கூடாது!

அண்ணாச்சி: சொல்லுங்க மேடம், நல்லா சொல்லுங்க. வாளின்னா ஒரு வார்த்தையில உள்ள போயிடும்.

ஏ.இ.: இது... போக்குவரத்துப் போலீஸ் பாக்க வேண்டியது. நான் லெட்டர் எழுதுறேன்.

அண்ணாச்சி: எழுதுங்க. அதுவரைக்கும் நம்ம வாளிய நிறுத்தி எடம் புடிச்சு வைக்கட்டுமா?

ஏ.இ.: வேண்டவே வேண்டாம். சரி, இந்த வண்டிங்களுக்கு நடுவுல நான் எப்படி அடுத்த கடைக்குப் போறது?

அண்ணாச்சி: ரோட்டுல இறங்கித்தான் மேடம். பாத்து, பின்னால பஸ் வருது.