நாலு பைட் கணக்குப்பிள்ளை

லினக்ஸ் கெர்னலுக்கு நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறவர்கள் பாக்கெட்டைப் பறக்கவிடுவதில் சமர்த்தர்கள். பறந்தது எத்தனை என்று கேட்டால்தான் விழிப்பார்கள். அந்த எண்ணிக்கையைத் திருத்த யாராவது பேட்ச் அனுப்பினால், அதை வரி வரியாகப் பார்த்துச் சம்மதம் தர ஒருவர் உட்கார்ந்திருப்பார். பதவியின் பெயர் ரிவ்யூயர். பார்வையோ பழைய பண்ணைக் கணக்குப்பிள்ளையுடையது.

வந்திருப்பது இரண்டே வரித் திருத்தம். அனுப்பியவர் நிம்மதியாகக் காபி குடிக்கப் போயிருப்பார். திரும்பி வருவதற்குள் முதல் கேள்வி காத்திருக்கும்: "வால் சேர்த்தா, சேர்க்காமலா?"

ஈதர்நெட் ஃபிரேமின் கடைசியில், வழியில் ஏதும் கெட்டுப்போனதா என்று சரிபார்க்க 4 பைட் ஒட்டியிருக்கும். அதை எண்ணக் கூடாது என்பது கெர்னல் ஆவணத்தின் கட்டளை. சில சிப்புகள் கேட்காமலே அதையும் சேர்த்து எண்ணிக் கொடுக்கும். மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். அதில் 4 என்றால் பதினாறில் ஒரு பங்கு. சாக்கோடு சேர்த்துப் புளியை நிறுத்தவனைப் பார்ப்பதுபோல் கணக்குப்பிள்ளை அந்தச் சிப்பைப் பார்ப்பார்.

அடுத்து, கவுன்ட்டர் எத்தனை பிட்? 32 என்றால் தொலைந்தது. அது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரை எண்ணும். அதற்கு மேல், பழைய அம்பாசிடரின் மீட்டர்போலச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் அந்தச் சுற்று முடியும். பத்து கிகாபிட் என்றால் மூன்றரை விநாடிகூட ஆகாது. சரி, 64 பிட்டாக மாற்றினால்? "32 பிட் இயந்திரத்தில் அதை இரண்டு பாதியாகத்தானே படிக்க வேண்டும்? ஒரு பாதியைப் படித்து முடிப்பதற்குள் மறு பாதி மாறிவிட்டால்?" என்பார்.

பாக்கெட்டை மேல் அடுக்கிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகு நீளத்தைக் கூட்டும் வரியைக் கண்டால் மட்டும் நாற்காலியில் நிமிர்வார். மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் போன பிறகு எடை போட ஓடுகிற கதை அது. ஒப்படைத்த நினைவகத்தில் இப்போது யாருடைய மூட்டை இருக்கிறதோ!

கணக்கு தேறியதும் அலங்காரம். மாறிகளின் அறிவிப்பில் நீளமான வரி மேலே, குட்டையானது கீழே இருக்க வேண்டும். தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம் என்று இதற்குப் பெயர். மரம் ஓர் எழுத்து கோணினாலும் திருப்பி அனுப்புவார்.

பிறகு குற்றப் பத்திரிகை. பிழை எந்தப் பதிவில் நுழைந்தது என்று குறைந்தது 12 எழுத்து அடையாளத்தோடு காட்ட வேண்டும். தோண்டத் தோண்டப் பல பழைய பிழைகள் 2005 ஏப்ரலில் போய் முட்டும். கெர்னல் மொத்தமும் கிட் (Git) என்னும் மாற்றப் பதிவேட்டுக்குள் குடியேறிய முதல் பதிவு அது. அதற்கு முந்தைய பாவமெல்லாம் அதன் தலையில்தான்.

திருத்தியதை உடனே அனுப்பவும் வழியில்லை. 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று விதி. மூன்றாம் பதிப்பில் ஒருவழியாகச் சம்மதம் வரும். கூடவே ஒரு வரியும் வரும்: "பக்கத்து டிரைவரிலும் இதே தப்பு இருக்கும்போலத் தெரிகிறது. ஒரு பார்வை பார்க்க முடியுமா?"

விளையாட்டில்லை. கார்களுக்குள் ஓடும் கேன் வலையமைப்பில் தரவைக் கேட்டு அனுப்பும் ஃபிரேம் ஒன்று உண்டு. "8 பைட் வேண்டும்" என்று அதன் தலைப்பில் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. எட்டு இட்லி வாங்க வந்த காலித் தூக்கை எட்டு இட்லி என்றே பல டிரைவர்கள் எண்ணிக்கொண்டிருந்தன. 2021 கடைசியில்தான் அதைத் திருத்தினார்கள்.

அனுப்பியவர் பக்கத்து டிரைவரைத் திறக்கிறார். இந்தத் தடவை காபியை மேஜைக்கே வரவழைத்துக்கொண்டார்.