பேராவூரணியிலிருந்து கடலுக்கு

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு நாள் முழுக்கக் கடலில் படகில் போய்விட்டு, மாலையில் கரையில் உட்கார்ந்து பேச ஆசை. பேராவூரணிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை உண்டா?
– வாசகர், பேராவூரணி

பதில்: தாராளமாக உண்டு! தென்னையையும் நெல்லையும் பார்த்தே வளர்ந்ததால் கடல் எங்கோ இருப்பதாகத் தோன்றுகிறது. சேதுபாவாசத்திரம் உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே?

அங்கே பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல் வளர்கிறது. அதை மேயக் கடல்பசுவும் வருகிறது. தஞ்சை மாவட்டத்தில் தண்ணீருக்குள்ளும் மேய்ச்சல் நிலம் இருக்கிறது, பாருங்கள்! 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இதைவிடப் பெருமை நம் கரைக்கு வேறில்லை என்பேன்.

மீன்பிடி வள்ளத்தில் ஆசைக்கு ஏறாதீர்கள். அது தொழிலுக்கான படகு. வனத்துறை அனுமதியோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டுமா?

மாலைக்கு மனோரா. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம். எங்கோ நடந்த சண்டைக்கு நம் கடற்கரையில் நினைவுச்சின்னம்! நிழலில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

உயிர்காப்பு மேலாடை இல்லாமல் படகேறாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையைக்கூடக் கடலில் விடாதீர்கள்.