நடக்க முடியாத நடைபாதை போடுவது எப்படி?

சென்னையில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உதவிப் பொறியாளரே, வாழ்த்துகள். உங்கள் மேசைக்கு முதலில் வரப்போவது ஏதாவது ஒரு நடைபாதைக் கோப்புதான். பதற வேண்டாம். நடைபாதை போடுவது யாருக்கும் வரும். அதில் ஒருத்தரும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில்.

முதலில் விதிகளைப் படித்துவிடுங்கள். படித்தால்தானே மறக்க முடியும்? தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டி. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் இடிக்காமல் கடக்கிற அகலம் அது. மாநகராட்சியும் சும்மா இருக்கவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே 2014-ல் ஒரு கொள்கையை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல தாளில் அச்சிட்டு அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. வரைபடத்தில் 1.8 மீட்டர் என்றே போடுங்கள். அதை நீங்கள் குறைக்க வேண்டாம், மற்ற துறைகள் வந்து குறைத்துத் தருவார்கள். மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் ஒன்று போதும், பாதி அகலம் போய்விடும். அதன் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் தொங்க வேண்டும். உள்ளே ஃபியூஸ் கேரியர்கள் தெரிய, அடியிலிருந்து கறுப்புக் கேபிள் கிளம்பி மண்ணுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தால் இன்னும் விசேஷம். மழை நாளில் அதைப் பார்க்கிறவர் தானாகவே ரோட்டில் இறங்கிவிடுவார். அபாயப் பலகைக்கு ஆகும் செலவு மிச்சம். தெருவிளக்குக் கம்பம், சிக்னல் கம்பம், கேமரா கம்பம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நட்டுவிடாதீர்கள். பக்கத்தில் ஓராள் போக வழி கிடைத்துவிடும். ஒன்று இடது ஓரம், அடுத்தது வலது ஓரம், மூன்றாவது நட்ட நடுவில்.

பேவர் பிளாக் பதித்து முடித்த பிறகுதான் குடிநீர் வாரியத்துக்குக் கடிதம் போட வேண்டும். முந்திப் போட்டால் அவர்களும் முன்பே தோண்டிவிடுவார்கள், ஒரே செலவில் காரியம் முடிந்துவிடும். பள்ளத்தை மூடும்போது மண்ணை இறுக்காமல் கற்களை மேலே அடுக்கி வையுங்கள். மழை விட்ட மறுநாள் காலையில், ஆபீசுக்குக் கிளம்பிய மனுஷன் ஒரு ஓரத்தை மிதிப்பார், மறு ஓரம் தூக்கும், அடியில் தேங்கிய சேறு சர்ரென்று அவர் முழங்கால்வரை ஏறும். அதற்குப் பிறகு அவர் நடைபாதைப் பக்கமே வர மாட்டார்.

ஓரக்கல் உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய தாரின் மேல் இரண்டு தரம் புதுத் தார் போட்டால் கல்லே மறைந்துவிடும், பைக்குகள் ஏற வசதி. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021 மே மாதம் அறிவுறுத்தினார். அதையும் அந்த நல்ல தாளோடு சேர்த்து வையுங்கள்.

தெருப் பெயர்ப் பலகைக்கு ஒரே விதிதான்: அழிக்கச் சொன்னதை அழியுங்கள், மிச்சத்துக்குப் பொருள் உண்டா என்று பார்க்காதீர்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாதிப் பெயர்களை நீக்கச் சொன்னபோது தி.நகரின் டாக்டர் நாயர் சாலை வெறும் ‘டாக்டர் சாலை’ ஆனது. ஆணையில் தவறே இல்லை. பிரஷ் பிடித்த கை உங்கள் முன்னோருடையது.

பேனருக்கு மட்டும் என்னால் கேலியாக யோசனை சொல்ல முடியவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், சாலை நடுத்திட்டில் வைத்திருந்த கல்யாண பேனர் ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் மேல் விழுந்தது. கீழே விழுந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. அனுமதி வாங்காத பேனர் அது.

எப்போதாவது ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உத்தரவு வரும். அப்போது பில்லர் பாக்ஸையும், பங்களாக்காரர் கார் ஏற்றக் கட்டிய சிமென்ட் சரிவையும் தொடாதீர்கள். பூக்காரம்மாவை எழுப்புங்கள், அவருக்குக் கால் இருக்கிறது, நடந்து போய்விடுவார். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம். அவர் கையில் சட்டப் புத்தகமா இருக்கப்போகிறது?

கடைசியாக ஒன்று. சாயங்காலத்தில் பாண்டி பஜார் பக்கம் போகாதீர்கள். 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதையைத் திறந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள், கடைகளிலும் வியாபாரம் நடக்கிறது. செய்ததும் இதே மாநகராட்சிதான். ஒருமுறை பார்த்துவிட்டால், இங்கே சொன்ன எதையும் உங்களால் மனசாரச் செய்ய முடியாது.