வெள்ளச்சியின் டாக்டர்கள்

நமக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு டாக்டரோடு நிறுத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. முதலில் மெடிக்கல் ஷாப்காரர், அப்புறம் தெருமுனை கிளினிக், அவர் எழுதிய சீட்டு சரிதானா என்று பார்க்க ஈரோட்டில் ஒருவர், மூன்று பேர் சொன்னதையும் தள்ளிவிட்டு நிலவேம்புக் கஷாயம் வைக்கச் சொல்லும் ஓர் அத்தை. இதில் யாருக்கும் யார்மீதும் வருத்தமில்லை. அதே ஆள் ஒரு குதிரையை வாங்கிக் கட்டிவிட்டால் போதும், டாக்டர் விஷயத்தில் ஏகபத்தினி விரதம் பூண்டுவிடுகிறான். இன்னொரு டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறான். "அவருக்குத் தெரிஞ்சா என்னங்க நெனைப்பாரு?"

எங்கள் வெள்ளச்சிக்கு டாக்டர்கள் மூன்று பேர். மூவருக்கும் மற்ற இருவரைத் தெரியும். இதைச் சொன்னால் குதிரை வைத்திருக்கும் நண்பர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

வெள்ளச்சி மார்வாரிப் பெண் குதிரை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு கூடும் குதிரைச் சந்தையில் வாங்கியது. காது இரண்டும் நுனியில் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் அவள் எப்போதும் எதையோ ஒட்டுக்கேட்பது போலவே தோன்றும். பெயர்தான் வெள்ளச்சி. பிறந்தபோது கறுப்பாகவோ செம்பட்டையாகவோ இருந்திருப்பாள். வெள்ளைக் குதிரைகள் பெரும்பாலும் அப்படித்தான், வயது ஏற ஏற நரைத்து வெள்ளையாகின்றன. எனக்கும் அதுதான் நடந்தது, ஆனால் என்னைப் பார்த்து யாரும் விலை கேட்கவில்லை. அவளுக்கு என்ன வேலை என்று மனைவி அவ்வப்போது கேட்பதுண்டு. கொள்ளு தின்பாள். கல்யாண ஊர்வலத்துக்கு யாராவது கூப்பிட்டால் போவாள். மற்றபடி டாக்டர்களுக்கு வேலை வைப்பாள்.

முதல் டாக்டர் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்காரர். அரசு கால்நடை மருந்தகம் என்று பலகையில் எழுதியிருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. காலையில் போனால் சினை ஊசிக்கு வரிசையாகப் பசுக்கள், குடற்புழு மருந்துக்கு ஆடுகள், கூடைக்குள் தலை தொங்கிய கோழி, நடுவில் அவர். நல்ல மனிதர். பசுவின் இடப்பக்க விலாவை இரண்டு தட்டு தட்டி உப்புசம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வெள்ளச்சியை அவர் முன்னால் நிறுத்தியபோது பழக்கதோஷத்தில் அவளையும் இடப்பக்கம் தட்டினார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

கோமாரி ஊசி முகாம் வரும்போது ஊரில் உள்ள மாடெல்லாம் வரிசையில் நிற்கும். குளம்பு பிளந்த பிராணிகளுக்குத்தான் கோமாரி வரும், ஒற்றைக் குளம்புக்காரர்களுக்கு வராது. "உங்களதுக்கு வேண்டாங்க" என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்புவார். இலவசமாகக் கிடைப்பது எதுவும் நமக்கு ஆகாது என்பது குதிரை வாங்கிய முதல் வருடத்திலேயே புரிந்துவிட்டது.

மாடும் குதிரையும் ஒரே புல்லைத் தின்றாலும் உள்ளே நடக்கிற காரியம் வேறு. மாட்டுக்கு வயிற்றில் நாலு அறை, தின்றதை மேலே கொண்டுவந்து சாவகாசமாக அசைபோடும். குதிரைக்கு உடம்பைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குச் சின்ன இரைப்பை ஒன்றுதான். அதற்குள் போனது போனதுதான், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாசல் ஒருவழிப் பாதை. உள்ளே காற்றும் நீரும் சேர்ந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைப்பையே கிழிந்துவிடக்கூடும். அந்தக் குழாயை விடத் தினசரிப் பழக்கம் உள்ள கை வேண்டும். எங்கள் டாக்டரே ஒரு நாள் நேர்மையாகச் சொன்னார். "மாடுன்னா ராத்திரி கண்ணை மூடிட்டுப் பாப்பேனுங்க. குதிரைன்னா வருஷத்துக்கு நாலஞ்சு வந்தா அதிகம். ஒரு குதிரை டாக்டரையும் பழக்கம் பண்ணி வச்சுக்கோங்க." இன்னொருவரைப் பார் என்று டாக்டரே சொன்னபின் எனக்கு ஏது குற்றவுணர்ச்சி!

விசித்திரம் என்னவென்றால், கால்நடை மருத்துவப் படிப்பே குதிரையின் தயவில் வளர்ந்ததுதான். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆரம்பித்த குளோது பூர்ஷெலா, அதற்கு முன் அங்கே குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். நம் சென்னையில் 1903-இல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, நாட்டில் வண்டியும் பட்டாளமும் குதிரையை நம்பித்தான் ஓடின. பிறகு மோட்டார் வந்தது, குதிரை போனது, டாக்டர்கள் பசுவுக்கும் நாய்க்கும் மாறினார்கள். மிச்சமிருக்கும் குதிரைக்காரன் மாவட்டம் மாவட்டமாக அலைகிறான்.

அதற்கும் முந்தைய கதை இன்னும் மோசம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கப்பலில் வரவழைப்பதையும், வந்தவை பராமரிக்கத் தெரியாமல் மளமளவென்று செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் தாங்களும் கூட்டிவர மாட்டார்களாம், வேறு யாரும் கூட்டிவரவும் விட மாட்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருட வியாபாரம் என்னாவது? பரம்பரை பரம்பரையாக ஒரு குதிரை டாக்டர்கூடக் கிடைக்காமல் அரசர்களே திண்டாடிய மண் இது. இங்கே நான் மூன்று பேரை வைத்திருப்பது ஆடம்பரம் என்றால், பாண்டியர் பாக்கியில் ஒரு பகுதியை வசூலிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டாக்டர் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். பந்தயக் குதிரைகளோடு பல வருடம் இருந்தவர். குதிரையைத் தொடுவதற்கு முன் அதை நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்ப்பார். வெள்ளச்சியை அப்படிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு ரேஸ் கீஸ் எதுவும் இல்லீங்களே?" என்றார். இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நானும் வெள்ளச்சியும் பெருந்தன்மையோடு மன்னித்தோம். அவர் ஃபீஸ் குறைவு, கார் செலவு அதிகம். ஒரு குதிரைக்கு வந்தாலும் அதே டீசல், ஐந்து குதிரைக்கு வந்தாலும் அதே டீசல்.

மூன்றாவது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் போய்விடும், ஆனால் அங்கே பேராசிரியரோடு ஒரு வகுப்பே வந்து பார்க்கும். கோழிக்குப் பேர்போன ஊரில் ஒரு குதிரை இறங்கினால் மாணவர்களுக்குத் திருவிழாதான். ஆளுக்கொரு முறை ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயம் கேட்டார்கள். வெள்ளச்சி கல்யாண ஊர்வலத்தில்கூட அவ்வளவு கம்பீரமாக நின்றதில்லை.

மூன்று டாக்டர் என்றால் மூன்று பதில் வரும் என்பது உண்மைதான். வெள்ளச்சியின் வாலடியில் புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு முடிச்சு தெரிந்தது. ஊர் டாக்டர், "கட்டிங்க, வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிரலாம்" என்றார். கோவை டாக்டர் வீடியோவைப் பார்த்ததும், "வெள்ளைக் குதிரை, வாலடி, கறுப்புக் கட்டி. கத்தியை எடுக்கவே வேண்டாம்" என்றார். நாமக்கல் பேராசிரியர் மாணவர்கள் பக்கம் திரும்பி ஒரு முழு வகுப்பே எடுத்துவிட்டார். 15 வயதைத் தாண்டிய வெள்ளைக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி மெலனோமா கட்டி வருமாம், வாலடியில்தான் அதிகமாம், பல வருடம் சும்மா கிடப்பதும் உண்டாம், கிடக்காமல் பரவுவதும் உண்டாம். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அளந்து எழுதி வைங்க. வளர்ந்தா வாங்க" என்றார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு குதிரையின் பின்பக்கம் நிற்கிற வேலை அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு. எழுதி வைக்க ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். லாயத்துத் தூணில் சணல் கட்டித் தொங்கவிட்டோம்.

அந்த நோட்டுதான் பிறகு ஒரு ராத்திரி உபயோகப்பட்டது.

சாயங்காலம் வெள்ளச்சி கொள்ளைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தாள், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாள், படுத்துப் புரண்டாள். குதிரைக்கு வயிற்றுவலி என்பது நமக்கு வருகிற வயிற்றுவலி இல்லை. வாயுவாக இருந்தால் தானே சரியாகும், குடல் முறுக்கியிருந்தால் விடிவதற்குள் ஆளை முடித்துவிடும். ஊர் டாக்டர் ஓடிவந்து ஃப்ளூனிக்சின் ஊசி போட்டார், கொஞ்சம் அடங்கினாள். அவர் கிளம்பி நெடுநேரம் கழித்து மறுபடி வியர்த்தாள். இந்த முறை கோவை டாக்டர். அதிர்ஷ்டத்துக்கு அன்று சத்தியமங்கலத்தில் வேறொரு குதிரையைப் பார்க்க வந்திருந்தார்.

அவர் காரை விட்டு இறங்கும்போதே என் மச்சான் என்னை ஓரமாக இழுத்தார். "மாப்ள, முன்னாடியே ஒருத்தர் ஊசி போட்டதைச் சொல்லீராதீங்க. கோவிச்சுட்டுத் திரும்பிருவாரு." மச்சானுக்கு மாடு, நிலம், கோர்ட்டு எல்லாவற்றிலும் இதுதான் கொள்கை.

டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். "யாராச்சும் பாத்தாங்களா? ஏதாவது போட்டிருக்கா?"

லாயத்தில் சத்தமில்லை. மச்சான் என் காலை மிதித்தார். லாயம் பார்க்கிற பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் தூணிலிருந்து நோட்டை அவிழ்த்து டாக்டர் கையில் கொடுத்தார். மருந்து, அளவு, போட்ட நேரம், எல்லாம் ஊர் டாக்டரின் கையெழுத்தில்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தாத்தாங்க ஆபத்து" என்றார் டாக்டர். அவர் விளக்கியதன் சாரம் இது. இந்த ஊசி பல மணி நேரம் வலியை மறைக்கும். தெரியாமல் வருகிறவர், குதிரை அமைதியாக நிற்பதைப் பார்த்துக் குடல் சரியாகிவிட்டது என்று எண்ணிப் போய்விடலாம். மருந்து அடங்காத நேரத்திலும் குதிரை வலியில் துடித்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. அதுவும் தெரியாமல் போகும். அல்லது அவர் பங்குக்கு ஃபீனைல்பியூட்டசோன் போட்டுவிடலாம். இரண்டும் ஒரே வகை மருந்து, சேர்ந்தால் இரைப்பையில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. ஒரு டாக்டர் கொடுத்தால் மருந்து, ரெண்டு டாக்டர் ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுத்தால் விஷம்.

கையை உள்ளே விட்டுக் குடலைப் பார்த்தார், மூக்கில் குழாய் விட்டார், லிக்விட் பாரஃபின் இறக்கினார். முறுக்கு இல்லை, அடைப்புதான் என்றார். அப்புறம் நோட்டில் இருந்த கையெழுத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஊர் டாக்டர் பெயரைக் கேட்டு, அந்த நேரத்தில் அவருக்கே ஃபோன் போட்டார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

சண்டை வரவில்லை. இருவரும் வேப்பேரி ஹாஸ்டலில் அடுத்தடுத்த அறையாம். முதல் இரண்டு நிமிடம் குதிரையைப் பற்றிப் பேசினார்கள், அடுத்த கால் மணி நேரம் மெஸ் சாம்பாரைப் பற்றி. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. வார்டன் ஒருவரைப் பற்றிய கதை உச்சத்துக்குப் போனபோது வெள்ளச்சி வாலைத் தூக்கிச் சாணம் போட்டாள். லாயமே கைதட்டியது. என்ன சத்தம் என்று ஃபோனில் கேட்டார் ஊர் டாக்டர். விஷயத்தைச் சொன்னதும் அவரும் அந்தப் பக்கம் கைதட்டினார். ஒரு பிராணி சாணம் போட்டதற்கு அவ்வளவு பேர் சந்தோஷப்பட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்போது நோட்டு மூன்றாவது நோட்டு. முதல் பக்கத்தில் மனைவி எழுதிவைத்திருப்பது வெள்ளச்சி சும்மா இருக்கும்போது எப்படி இருப்பாள் என்பது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, சூடு 99.5 முதல் 101.5 ஃபாரன்ஹீட். அதற்குப் பின் தேதிவாரியாக ஊசி, குடற்புழு மருந்து, லாடம். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குதிரைக்கு டெட்டனஸ் சுலபத்தில் தொற்றும், விட்டுவிடவும் கூடாது, ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. பெரியவரும் தன் பங்குக்கு எழுதுவார். "இன்னைக்கு நல்லா ஒதைச்சுது. ஒடம்பு சொகம்." டாக்டர்களின் குறிப்புகளைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

டாக்டர்களுக்கு நிஜமான வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. இன்னொருவரிடம் காட்டுவதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. ஊசி, பல், லாடம் பார்ப்பது என்று பகல் வேலையெல்லாம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவருக்குக் கொடுத்துவிட்டு, நடுராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் "சார், நீங்கதான் தெய்வம்" என்று தூரத்தில் இருப்பவரை எழுப்புகிறோமே, அதுதான் அவர்களுக்கு எரிச்சல். அவர் முன்பின் பார்த்திராத குதிரையை டார்ச் வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். கோவை டாக்டர் என்னிடமே கேட்டார். "பகல்ல கூப்பிடாதவருக்கு ராத்திரி நான் எதுக்குங்க?" நியாயமான கேள்வி. அதனால் வருடாந்தரப் பல் வேலையை அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் வெளியே வந்துகொண்டே இருக்கும், தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரம் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும், அரம் வைத்து ராவ வேண்டும். அந்த ஒரு நாளில் அவர் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிடுகிறார். ராத்திரி கூப்பிட்டால் அவருக்குத் தெரிந்த குதிரைக்குத்தான் வருகிறார். ஊர் டாக்டரிடம் வழக்கமான ஊசிகள். நாமக்கல், பெரிய சந்தேகங்களுக்கு. லாயத்துக் கதவில் சாக்பீஸால் இரண்டு டாக்டர் நம்பரும், யாரும் கிடைக்காவிட்டால் அரசின் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-உம் எழுதியிருக்கிறோம்.

மச்சான் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. போன மாதம் அவர் எருமைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு டாக்டர்களைத் தனித்தனியாக வரவழைத்து, ஒருவர் பின்வாசலில் போனபின் இன்னொருவரை முன்வாசலில் அழைத்ததாகப் பெருமையாகச் சொன்னார். எருமை பிழைத்துக்கொண்டது. அதற்கு உடம்பு உறுதி.

நிற்க. மார்கழியில் கோவை டாக்டர் பல் ராவ வருகிறார். கோபி, அந்தியூர், சத்தி பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் யாராவது அதே நாளில் தங்கள் குதிரையையும் காட்டினால் டீசலைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். வரும்போது உங்கள் குதிரையை இதுவரை பார்த்த டாக்டர்களின் சீட்டுகளை எல்லாம் மறைக்காமல் கொண்டுவாருங்கள். மச்சானை நான் பார்த்துக்கொள்கிறேன்.