கரையைச் சதுப்பாக்க ஒரு படிவம் கேட்டு விண்ணப்பம்

அனுப்புநர்: காயலோரத்துக் குடியிருப்போர் சிலர், மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்: வருவாய்த் துறை, கேரள அரசு, திருவனந்தபுரம்.

பொருள்: மேடாக்கிய காயலோரத்தை மறுபடி சதுப்பாக்கிக் கண்டல் நடுதல் – உரிய படிவம் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

இங்கு யாவரும் நலம். வேலியேற்ற நாட்களில் மேற்குக் கொச்சி வீடுகளுக்குள் வந்து தங்கிப் போகும் உப்புத் தண்ணீரும் நலம். முன்பு அது கண்டல் காட்டில் தங்கும். காட்டைக் காணோம் என்பதால் எங்கள் கட்டிலடிக்கு வருகிறது. அதன் பழைய விலாசத்தை அதனிடமே கொடுத்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய ஒரு துண்டுக் கரையைத் தோண்டி, ஓதம் ஏறி இறங்க வாய்க்கால் வெட்டி, கண்டல் நட வேண்டும். கூலி கேட்கவில்லை, மானியமும் கேட்கவில்லை. படிவம்தான் கேட்கிறோம்.

ஏனென்றால் தேடிப் பார்த்தோம். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் தங்கமான சட்டம். காயல், கழிமுகம், சதுப்பு, கண்டல் காடு எல்லாம் ஈரநிலமே என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் கீழ், நெல்வயலையும் ஈரநிலத்தையும் பட்டியலிட்ட டேட்டா பேங்கிலிருந்து நிலத்தை விடுவிக்கப் படிவம் 5 இருக்கிறது. பேங்கில் ஏறாத நிலத்தைத் தரம் மாற்றப் படிவம் 6 இருக்கிறது. 2018 திருத்தம் இந்தத் தரமாற்றத்துக்காக 27ஏ என்று தனிப் பிரிவே திறந்தது. பிறகு 25 சென்ட் வரை கட்டணமும் வேண்டாம் என்றீர்கள். விண்ணப்பம் குவிந்தபோது 2024இல் அதாலத் என்ற குறைதீர் முகாம் நடத்தித் தீர்த்து வைத்தீர்கள். ஈரத்தைக் கரையாக்க இத்தனை வாசல். கரையை ஈரமாக்க, நாங்கள் தேடியவரை ஒரு ஜன்னல்கூட இல்லை. பணம் எடுக்கும் சீட்டை மட்டும் அச்சடித்துவிட்டுப் போடும் சீட்டை மறந்த பேங்கை இப்போதுதான் பார்க்கிறோம்.

மண் கொட்டுவதில் நம் ஊரின் கைராசி நாங்கள் அறியாததல்ல. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரிய மண்ணிலேயே வில்லிங்டன் தீவை எழுப்பினார். அதிகப்படியானால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பக்கத்து மரடில் கரையோர விதியை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. கட்ட அனுமதி, இடிக்க உத்தரவு இரண்டும் கிடைக்கும் ஊரில், நட மட்டும் வழி தெரியவில்லை.

நாங்கள் நட நினைப்பது ஒன்றும் ஆபத்தான ஆசாமி அல்ல. பிராந்தன் கண்டலின் விதை மரத்திலேயே முளைவிடும். முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். முற்றியதும் கனத்த நுனி கீழே வர விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். தண்ணீர் அதிகமிருந்தால் மிதந்து போய் வேறிடத்தில் ஊன்றிக்கொள்ளும். புல எண், பட்டா, வில்லங்கச் சான்று எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் உப்பட்டி நின்றால் அதன் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே குத்துக்குத்தாகத் தலைநீட்டும். இன்று அவற்றில் பால் கவரும் ஒற்றைச் செருப்பும் மாட்டிக் கிடக்கின்றன. அந்த வேருக்கிடையில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 2010இல் கரிமீனை மாநில மீனாக அறிவித்தீர்கள். மாநில மீனுக்கு வீட்டு வசதி என்று எழுதினாலாவது கோப்பு நகருமா?

முன்னுதாரணம் கேட்பீர்கள். கண்ணூர் மாவட்டம் பழயங்காடியில் கல்லேன் பொக்குடன் 1989இல் ஆற்றோரம் கண்டல் நடத் தொடங்கினார். சட்டமும் படிவமும் வராத காலம். அதனால்தான் நட முடிந்ததோ என்னவோ. 2015இல் அவர் மறையும்போது ‘கண்டல் பொக்குடன்’ என்பதே பெயராக நிலைத்திருந்தது. அக்கரை எர்ணாகுளத்தில் மங்களவனம் இருக்கிறது. மூன்று ஹெக்டேர்கூட வராத இடம், 2004இல் பறவைகள் சரணாலயமானது. உயர் நீதிமன்றத்துக்குப் பின்புறம் இருப்பது அதற்கு வாய்த்த நல்ல காலம். எல்லாக் கண்டலுக்கும் பக்கத்தில் ஒரு நீதிமன்றம் கட்ட முடியாதே! வேம்பநாட்டுக் காயல் முழுவதும் 2002 முதல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. உலகத்துக்குத் தெரிந்த ஈரநிலம் உள்ளூர்க் கோப்பில்தான் காய்கிறது.

ஆகவே தயவுகூர்ந்து மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சதுப்பை மீட்க முன்வருவோருக்கு ஒற்றைப் பக்கப் படிவம். இரண்டு, நிரப்பிய நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கலெக்டருக்கு 13ஆம் பிரிவு தந்த அதிகாரம் ஏட்டை விட்டு இறங்கட்டும். மூன்று, கேரளத்துக் கண்டலில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் நிற்கிறது. கண்டல் தழைத்தால் கட்டட அனுமதி போய்விடும் என்று பயந்து நாற்றைப் பிடுங்குகிறவரைத் திட்டிப் பயனில்லை. வளரவிடுகிறவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுங்கள். நிரப்புகிறவருக்கு அதாலத் நடத்த நேரம் கண்ட அரசுக்கு இது பெரிய வேலையல்ல.

இங்ஙனம்,
காயலோரத்துக் குடியிருப்போர்

இணைப்பு: கண்டல் விதை ஒன்று. கோப்பில் வைக்க வேண்டாம், சேற்றில் ஊன்றவும்.