பாலுவுக்கு வயிறு சரியில்லை

ஹைடல்பெர்க்

அன்புள்ள அம்மா,

அதிரசம் பதமாக வந்திருந்ததா என்று கேட்டிருந்தாய். பாலுவைத்தான் கேட்கவேண்டும். மாமாவை இல்லை, நாயை. பார்சலைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு உன் மருமகள் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் பையில் எண்ணெய் மட்டும் மிச்சம். ராத்திரியே வாந்தி, விடிவதற்குள் பேதி. நாலு மாடி இறங்கி ஏறியதில் தேய்ந்தது என் முட்டி.

விடிந்தது ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்டில் ஞாயிறன்று கடை கிடையாது, சத்தம் கூடாது. நாய்க்கு அவசர டாக்டர் மட்டும் உண்டு. அதற்கென்றே தனியாக 50 யூரோ, அதற்குமேல் வைத்தியத்துக்கு இரண்டு மடங்கிலிருந்து நாலு மடங்கு வரை. சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், பேரம் பேச வழியில்லை. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே, நான் பார்த்துவிட்டேன்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கி, ஈறை அழுத்திப் பார்த்து, உடம்பில் நீர் வற்றவில்லை என்றார். எண்ணெய்ப் பண்டம் கணையத்தையே வீங்க வைத்துவிடும் என்று என்னைத் திட்டினார், ஏதோ நான் ஊட்டிவிட்டதுபோல. அப்புறம்தான் குண்டைப் போட்டார்: மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கொண்டு வரவேண்டுமாம். கியார்டியா என்று ஒரு கிருமி, எல்லா நாளும் வெளியே தலை காட்டாதாம்.

மூடியிலேயே குட்டிக் கரண்டி வைத்த டப்பா கொடுத்தார்கள். நம் வீட்டு நெய்ச் சம்புடம்போல அத்தனை லட்சணம். பேதியைப் புல்லிலிருந்து கரண்டியால் எடுப்பது எப்படி என்று எந்தக் காலேஜில் சொல்லித் தந்தார்கள்? அதுவரை நிற்காமல் போனவன் டப்பாவைக் கண்டதும் நிறுத்திவிட்டான். நெக்கார் ஆற்றங்கரையில் நான் கரண்டியோடு அவன் பின்னால். எதிரே வந்த பாட்டி ஒருத்தி வணக்கம் சொல்லி, "கெட்டியா, தண்ணியா?" என்று விசாரித்தாள். இங்கே சம்பளம் கேட்டால்தான் மரியாதைக் குறைவு. டப்பாவைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும் என்று சொன்னதால் ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு உன் மருமகள் என்னோடு பேசியது ஜெர்மனில். டப்பா பால்கனிக்குப் போயிற்று. நானும் போயிருப்பேன், குளிர் தாங்காது.

ரசஞ்சோறு போடு என்பாய். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுத்துவிடும். ஒரு வேளை பட்டினி, அப்புறம் கேரட் சூப். 1908-இல் மோரோ என்ற குழந்தை டாக்டர் பேதியில் வாடிய பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்தது. பின்னால் இதே ஊரில்தான் குழந்தைகள் ஆஸ்பத்திரியை நடத்தினார். அரைக் கிலோ கேரட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்குமேல் குழைய வேகவிட்டு, மசித்து, மறுபடி ஒரு லிட்டர் ஆகும்படி தண்ணீர் விட்டு, 3 கிராம் உப்பு. அவ்வளவு நேரம் வெந்தால் அதில் வரும் ஒருவகைச் சர்க்கரையில் கிருமி ஒட்டிக்கொள்ளுமாம், குடலை விட்டுவிடுமாம். மிச்சத்தைக் கடுகு தாளித்து நான் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் சொன்னது, "டீ குடித்துவிட்டுப் படு." மாத்திரைகூட இல்லை. நாய்க்கு லேப் ரிப்போர்ட், எனக்குச் சோம்பு டீ. கஞ்சி வைத்துக் கொடுக்கவும் அன்று ஆள் இல்லை, இவளுக்கு ஆபீஸ்.

ரிப்போர்ட்டில் கிருமி ஒன்றும் இல்லை. கோழியும் குழைந்த சோறும் தின்றுவிட்டுத் தூங்குகிறான்.

அப்பாவிடம் சொல்: பாலுவே டெஸ்ட் கொடுத்துவிட்டான், சுகர் டெஸ்ட்டை அவர் இனியும் தள்ளிப்போட வேண்டாம். மாமாவிடம் இதைச் சொல்லும்போது மட்டும் எந்தப் பாலு என்று தெளிவாகச் சொல்.

அன்புடன்,
உன் மகன்